சுந்தரவனமும் வங்கப் புயல்களும்

வங்காள விரிகுடாவின் தலைப்பில், ஊக்ளி ஆற்றின் கழிமுகத்திற்கும் வங்கதேசத்துப் பலேசுவர் ஆற்றிற்கும் இடையே, ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு காடு கிடக்கின்றது. நிலமும் நீரும் தமக்குள் எல்லை வகுத்துக்கொள்ளாத காடு அது. நாள்தோறும் இரு முறை கடல் ஏறி வந்து அதன் மரங்களின் அடியை நனைத்துவிட்டுத் திரும்புகின்றது. அதில் ஐந்தில் மூன்று பங்கு வங்கதேசத்திற்கும், எஞ்சியது நம் நாட்டு மேற்கு வங்க மாநிலத்திற்கும் உரியது. சுந்தரி என்னும் மரம் மிகுந்திருத்தலின் சுந்தரவனம் என்ற பெயர் வந்தது என்பது பெரும்பாலோர் கொள்கை.

காடுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோடரியின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். யார் வெட்டினர், யார் விற்றனர், எந்த அரசு எந்தச் சட்டத்தை இயற்றிற்று என்பனவே ஏடுகளை நிரப்புகின்றன. சுந்தரவனத்திலும் கோடரிக்கு இடமுண்டு. ஆயினும் அக்காட்டின் கதையில் தலைமையிடம் புயலுக்கே உரியது.

காட்டியலார் புயல், வெள்ளம், தீ, பூச்சிப்பெருக்கு ஆகியவற்றையெல்லாம் ஒரே சொல்லால் குறிப்பர். அதனை அலுவலகத் தாள்களில் 'இடையூறு' என்று தமிழாக்குவது வழக்கம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல்லில் முழு மனநிறைவு இல்லை. இடையூறு என்பது ஒழுங்காக நடந்துவரும் செயலின் குறுக்கே புறத்திலிருந்து வந்து விழுவது. சுந்தரவனத்திற்குப் புயல் அத்தகையதா? நூற்றாண்டுதோறும் பன்முறை வீழ்ந்து பன்முறை எழுந்த காடு அது. கோடையும் மாரியும் போலப் புயலும் அதற்கு ஒரு பருவமே என்று சொன்னாலும் பொருந்தும். ஆனால் அப்பருவம் இந்நாளில் மாறி வருகின்றது. மாறுவதன் விளைவும் காட்டின் மரங்களிலேயே எழுதப்பட்டு வருகின்றது.

தமிழருக்கு இக்காடு முற்றிலும் அயலானதன்று. வங்கத்தார் 'கேவா' என்று வழங்கும் மரம், நம்மவர் தில்லை என்று அழைக்கும் மரமேயாகும். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் அது. அதன் பால் கண்ணிற்பட்டால் பார்வைக்குத் தீங்கு நேரும் என்று நம் நாட்டார் அஞ்சுவது போலவே சுந்தரவனத்து மரம்வெட்டிகளும் அஞ்சுவர். பிச்சாவரத்துக் கழிகளில் நிற்கும் சுரபுன்னையின் இனத்தையும் வங்கத்தின் சேற்று ஓரங்களிற் காணலாம். இத்தகைய காட்டினை அலையாத்திக் காடு என்பது நம் வழக்கு. அலையை ஆற்றுவது ஆதலின் அப்பெயர் என்று பொருள் கூறுவர். அகராதி ஆசிரியன் எவனும் இதனினும் சுருங்கிய விளக்கத்தைத் தந்திருக்க இயலாது.

புயலைப் பற்றிய பழங்குறிப்பு ஒன்று அக்பரின் அவைக்களப் பேரறிஞர் அபுல் பசல் எழுதிய அயினி அக்பரியில் உள்ளது. அக்பர் ஆட்சியின் 29-ஆம் ஆண்டில், அஃதாவது 1584-ஐ ஒட்டி, சுந்தரவனத்தின் கிழக்கே இருந்த பாக்லா என்னும் சீமையைக் கடல் விழுங்கிற்று. பிற்பகலில் தொடங்கி நாலரை மணி நேரம் இடியும் சூறைக்காற்றும் கடற்பெருக்குமாக இருந்ததென்று அந்நூல் கூறுகின்றது. அவ்வேளையில் அவ்வூர் அரசன் விருந்தொன்றில் இருந்தான். அவன் விரைந்து படகேறினான். அவன் மகன் சிலரோடு கோயிலொன்றின் உச்சிக்கு ஏறித் தப்பினான். வணிகன் ஒருவன் உயர்ந்த மாடமொன்றில் அடைக்கலம் புகுந்தான். ஏறக்குறைய 2 இலட்சம் உயிர்கள் மாண்டன. எண்ணிக்கை எவ்வாறாயினும், உயரத்தில் இருந்தவர் பிழைத்தனர் என்னும் செய்தி இன்றைய புயற்காப்பு மாடங்களுக்கும் பொருந்துவது வியப்பன்று.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல். 1737 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் 3 இலட்சம் மக்கள் இறந்தனர் என்று நெடுங்காலம் நூலுக்கு நூல் எடுத்தெழுதி வந்தனர். அந்நாளில் கல்கத்தாவின் மக்கள் தொகையே அதனினும் மிகக் குறைவு. இலண்டன் இதழ்களில் வெளிவந்த செய்தி ஒன்று வளர்ந்து வரலாறு ஆகிவிட்டது. புயலின் கொடுமையை உணர்த்த மிகைப்படுத்தல் தேவையில்லை, மெய்க்கணக்கே போதுமானது.

இனிக் கோடரிக்கு வருவோம். 15-ஆம் நூற்றாண்டிலேயே கான் ஜஹான் என்னும் தலைவர் காட்டின் வடவோரத்தைத் திருத்திப் பாகர்காட் நகரை எழுப்பினார். அவர் கட்டிய பள்ளிவாசல்கள் இன்றும் நிற்கின்றன. எனினும் காடழிக்கும் வேலை முறையாகத் தொடங்கியது கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில்தான். 1780-களில் ஜெசூர் மாவட்டத்தின் நடுவராக இருந்த டில்மன் ஹெங்கெல் என்பவர் காட்டைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டு உழுநிலமாக்கத் திட்டமிட்டார். அவர் பெயரில் எழுந்த ஊர் மக்கள் வாயில் உருமாறி இன்று இங்கல்கஞ்சு என வழங்குகின்றது. காடு கம்பெனியாரின் கண்ணுக்கு வருவாய் தராத வெற்று நிலம். வெட்டிக் கரை கட்டினால் நெல் விளையும். நெல் விளைந்தால் வரி வரும். கணக்கு அவ்வளவே.

இக்காலத்தில்தான் கல்கத்தாவில் ஹென்றி பிட்டிங்டன் என்னும் ஆங்கிலேயர் வாழ்ந்தார். வணிகக் கப்பலின் தலைவராயிருந்து, பின்னர்க் கரையேறி, கடல்வழி விபத்துகளை ஆராயும் மன்றத்தில் தலைமை வகித்தவர். கப்பல்களின் நாட்குறிப்பேடுகளைத் தொகுத்து ஒவ்வொரு புயலும் எவ்வழி சுழன்று எவ்வழி சென்றது என்று வரைபடம் தீட்டுவது அவருக்குப் பெருவிருப்பு. பாம்பு சுருண்டதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்னும் பெயரைச் சுழற்புயலுக்கு இட்டவர் அவரே. 1848-இல் மாலுமிகளுக்கென அவர் வெளியிட்ட கைந்நூலின் வழியாக அச்சொல் உலகெங்கும் பரவிற்று. சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் பொறாமை கொள்ளத்தக்க வெற்றி இது.

ஊக்ளி ஆறு மண்ணடித்துப் போகும், கல்கத்தாத் துறைமுகம் பயனற்றுவிடும் என்று அரசினர் அஞ்சினர். ஆதலின் தென்கிழக்கே மாத்லா ஆற்றங்கரையில், சுந்தரவனத்தின் மடியில், புதிய துறைமுகம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டனர். 1853-இல் பிட்டிங்டன் தலைமை ஆளுநர் டல்ஹௌசிப் பிரபுவுக்கு வெளிப்படையான மடல் ஒன்று வரைந்து அச்சிட்டார். அவ்விடத்தில் நகர் எழுப்பினால், என்றேனும் ஒரு நாள் புயலின் நடுவே கடல் திரண்டு வந்து ஐந்து முதல் பதினைந்து அடி வரை அந்நகரை மூழ்கடிக்கும் என்பது அவர் எச்சரிக்கையின் சாரம். கடைக்குப் போன குழந்தையின் சொல் போல அது புறக்கணிக்கப்பட்டது. துறைமுகம் எழுந்தது. பின்வந்த ஆளுநரின் பெயரால் போர்ட் கானிங் எனப் பெயர் பெற்றது. கல்கத்தாவிலிருந்து இருப்புப்பாதையும் 1862-63-இல் போடப்பட்டது. பிட்டிங்டன் இவற்றைக் காண இருக்கவில்லை. அவர் 1858-இலேயே மறைந்தார்.

1864 அக்டோபர் 5-ஆம் நாள் பெரும்புயல் ஒன்று ஊக்ளி வழியே கல்கத்தாவைத் தாக்கிற்று. ஆற்றில் நின்ற கப்பல்கள் கரைமேல் ஏறிக் கிடந்தன, பல்லாயிரவர் மாண்டனர். நம் நாட்டு வானிலைத் துறை 1875-இல் தோன்றுவதற்கு இப்புயலும், அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்ததுமே காரணங்களாயின. அடுத்து 1867 நவம்பர் முதல் நாள் புயலொன்று கானிங்கை நேராகத் தாக்கிற்று. எழுந்த அலை ஆறடியே. ஆயினும் அதுவே போதுமானதாயிற்று. துறைமேடைகளும் கிடங்குகளும் சிதைந்தன. 1872-இல் அரசு அத்துறைமுகத்தைக் கைவிட்டது. பிட்டிங்டன் மடல் எழுதிப் பத்தொன்பது ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது.

துறைமுகம் போயிற்று, காட்டிற்கு ஒருவகையில் நன்மையாயிற்று. பிராண்டிசும் சிலிக்கும் காட்டுத்துறையைக் கட்டியெழுப்பிய காலம் அது. சுந்தரி மரம் படகு கட்டுதற்கு ஏற்றது. அதனை அடியோடு வெட்டித் தீர்ப்பது மடமை என்னும் கருத்து அரசாங்கத்தில் தலையெடுத்தது. 1875-க்கும் 1878-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் காட்டின் பெரும்பகுதி காப்புக் காடாகவும் பாதுகாக்கப்பட்ட காடாகவும் அறிவிக்கப்பட்டது. மரத்தின் விலைக்காகவே காத்தனர். அலையை ஆற்றும் அதன் தொழிலுக்காகக் காத்தனர் அல்லர். காரணம் எதுவாயினும் காடு எஞ்சிற்று.

இனி, புயலுக்குப் பின் அக்காட்டில் நிகழ்வது யாது என்று நோக்குவோம். காற்றின் முதல் வீச்சில் இலைகள் உதிர்கின்றன. பின் கிளைகள் முறிகின்றன. உயர்ந்தோங்கிய மரங்கள் இடையொடிந்து வீழ்கின்றன. கடற்பெருக்கில் மூழ்கி நிற்கும் கன்றுகள் பல, மூழ்கியிருந்தமையாலேயே காற்றின் கைக்குத் தப்பிவிடுகின்றன. புயல் ஓய்ந்த பின்னரும் சாவு ஓய்வதில்லை. இம்மரங்களின் வேர்கள் காற்றில்லாச் சேற்றில் வாழ்வதால், மூச்சுவேர்களை ஈட்டிமுனை போல மேலே நீட்டி நிற்கின்றன. புயலலை கொணர்ந்த வண்டல் அவற்றின் மேல் தடிப்பாகப் படிந்தால், காற்றுக்குத் தப்பிய மரமும் சில திங்களில் மூச்சடைத்து மடிகின்றது.

வீழ்ந்த இடத்தில் வெளிச்சம் விழுகின்றது. நிழலில் ஒடுங்கிக் கிடந்த கன்றுகள் நிமிர்கின்றன. தில்லையும் வெண்கண்டலும் முறிந்த அடியிலிருந்தே மீண்டும் துளிர்க்க வல்லவை. சுரபுன்னை இனத்திற்கு அவ்வலிமை இல்லை; முதிர்ந்த மரத்தில் உறங்கும் மொட்டுகள் இன்மையால் ஒடிந்த மரம் ஒடிந்ததே. ஆனால் அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு நீண்டு, தாயை விட்டு நீங்கியதும் நீரில் மிதந்து சென்று வேறிடத்தில் ஊன்றிக்கொள்கின்றது. நின்ற இடத்திலேயே மீள்வது ஒன்று. பிள்ளைகளை அயலூருக்கு அனுப்பி மீள்வது மற்றொன்று. இவ்விரண்டாம் வழியை இந்நூலைப் படிக்கும் அன்பர்கள் நன்கு அறிவர்.

2007 நவம்பர் 15-ஆம் நாள் 'சிதர்' என்னும் கடும்புயல் காட்டின் கீழைப் பகுதியைக் கிழித்துக்கொண்டு சென்றது. வங்கதேசத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1970 நவம்பரில் அக்கடற்கரையின் கிழக்குப் பகுதியைத் தாக்கிய போலாப் புயலில் இறந்தோர் சுமார் 3 இலட்சம் அல்லது அதற்கும் மேல் என்பதை நோக்க, முன்னறிவிப்பும் காப்பு மாடங்களும் எத்துணை உயிர்களைக் காத்தன என்பது விளங்கும். காட்டின் பங்கும் அதில் உண்டு. 1999 அக்டோபர் 29-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலைப் பற்றிக் கேந்திரபாடா மாவட்டத்தில் 409 கிராமங்களை ஆராய்ந்தவர்கள், கடலுக்கும் ஊருக்கும் இடையே அலையாத்திக் காடு அகன்றிருந்த ஊர்களில் சாவு குறைந்திருந்தது எனக் கண்டனர். முன்னறிவிப்பு அதனினும் மிகுதியாக உயிர் காத்தது என்பதையும் அவர்களே நேர்மையோடு குறித்துள்ளனர். காட்டின் மேல் அன்புடையோர் சிலர் இப்பிற்பகுதியைச் சொல்லாமல் விடுவது உண்டு.

சிதர் சிதைத்த காடு ஓரிரு ஆண்டுகளில் பசுமையைப் பெரும்பாலும் மீட்டுக்கொண்டதை விண்ணிலிருந்து எடுத்த படங்கள் காட்டின. ஆனால் படம் பசுமையைக் காட்டுமே அன்றி, அது எந்த மரத்தின் பசுமை என்று எளிதில் காட்டாது. இங்கேதான் நம் செய்தியின் உயிர்நிலை இருக்கின்றது.

சுந்தரி நன்னீரை நாடும் மரம். சற்றே உப்பு, மிகுதியாக ஆற்றுநீர் என்ற கலவையிலேயே அது தழைக்கும். கங்கையின் பெருநீரோட்டமோ பல நூற்றாண்டுகளாக மேற்கிலிருந்து கிழக்கே ஒதுங்கிச் சென்றுவிட்டது. அதனால் நம் நாட்டுப் பகுதியில் மாத்லா, வித்யாதரி போன்ற ஆறுகள் தலையற்ற உடல்களாகி, கடல்நீரையே ஏற்றியிறக்கி வருகின்றன. சுந்தரவனத்தின் இந்தியப் பகுதியில் சுந்தரி அரிதாயிற்று. 1975-இல் பராக்கா அணை செயற்படத் தொடங்கியபின், வேனிற்காலத்தில் வங்கதேசத்துக் கொராய் ஆற்றின் வழியே காட்டிற்கு வரும் நன்னீரும் குறைந்தது. அங்குச் சுந்தரி மரங்கள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பட்டுப்போகும் நோய் பரவியதற்கு உப்புப் பெருக்கமும் ஒரு காரணமெனக் கருதுவர்.

முற்காலத்தில் புயல் ஒரு சுந்தரியை வீழ்த்தினால், அவ்விடத்தில் இளஞ்சுந்தரி ஒன்று எழுந்தது. இன்று உப்பேறிய மண்ணில் அவ்விடத்தைத் தில்லையும் கொரான் என்னும் குட்டைமரமும் பற்றிக்கொள்கின்றன. உப்பு மட்டும் தனியே வந்திருந்தால் இம்மாற்றம் மெல்ல நிகழும். முதிர்ந்த மரம் ஒருவாறு தாங்கி நிற்கும். புயல் வந்து முதிர்ந்ததை ஒரே இரவில் அகற்றிவிடும்போது மாற்றம் விரைவுபடுகின்றது. காடு மீள்கின்றது. ஆனால் உயர்ந்த காடு தாழ்ந்த காடாக மீள்கின்றது. படகுக்குரிய மரம் விறகுக்குரிய மரமாகின்றது.

புயல்களின் இடைவெளியும் முன்போல் இல்லை. 2009 மே 25-இல் ஐலா. 2019 நவம்பரில் புல்புல். 2020 மே 20-இல் ஆம்பன். 2021 மே மாதத்தில் யாஸ். 2024 மே மாதத்தில் ரெமால். வங்கக் கடலில் புயல்களின் மொத்த எண்ணிக்கை பெருகிவிட்டது என்று துணிந்து கூறுதற்கில்லை. வெப்பமேறிய கடல்நீர் புயலுக்கு ஊட்டமாவதால் கடும்புயல்களின் பங்கு கூடும் என்பதே அறிஞர்களின் முடிவு. கடல்மட்டமும் உயர்ந்து வருவதால், முன்னாளில் வந்த அதே வலிமையுள்ள புயல் இன்று வந்தாலும் அலை மேலும் உள்ளே ஏறும். துளிர்த்த மரம் காழேறுமுன் அடுத்த அடி விழுந்தால் துளிர்க்கும் ஆற்றலுக்கும் எல்லை உண்டு.

மக்கள் வாழும் தீவுகளின் நிலை வேறு. இந்தியப் பகுதியில் உள்ள 102 தீவுகளில் 54 தீவுகளில் மக்கள் குடியேறியுள்ளனர். அவற்றைச் சுற்றி ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளத்திற்கு மண்கரை எழுப்பப்பட்டுள்ளது. கரையின் பயன் கடல்நீரைத் தடுப்பது. ஆனால் அது வண்டலையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றது. காட்டுத்தரை ஒவ்வொரு நீரேற்றத்திலும் மெல்லிய வண்டல் படிந்து உயர்ந்துகொண்டே வருகின்றது. கரைக்குட்பட்ட வயலோ நூறாண்டுகளாக வண்டல் காணாமல் தாழ்ந்து கிடக்கின்றது. ஆற்றின் உயர்நீர் மட்டத்திற்குக் கீழே மக்கள் உறங்குகின்றனர். காடு கடலோடு சேர்ந்து உயரக் கற்றுக்கொண்டது. ஹெங்கெல் காலத்திலிருந்து நாம் எழுப்பிய ஊர்கள் அதனைக் கற்கவில்லை.

ஐலாவின்போது இக்கரைகள் பல இடங்களில் உடைந்தன. உட்புகுந்த உப்புநீர் வடிய வழியின்றித் தேங்கிற்று. பல வயல்களில் தொடர்ந்து சில ஆண்டுகள் நெல் விளையவில்லை. குளங்களில் மீன்கள் செத்து மிதந்தன. ஆம்பனுக்குப் பின்னர் மேற்கு வங்க அரசு 5 கோடி அலையாத்திக் கன்றுகளை நடுவதாக அறிவித்தது. நடுதல் நன்றே. ஆயினும் அரிக்கப்படும் கரையில் நட்ட கன்று அடுத்த பருவத்திற்கு நிற்பதில்லை. வண்டல் சேரும் சேற்றுமேட்டிலோ, நடுவார் இல்லாமலே விதைகள் மிதந்து வந்து ஊன்றுகின்றன. எங்கே நடுவது என்பதை மனிதனைக் காட்டிலும் நீரோட்டம் நன்கு அறியும்.

நிலம் தோன்றுவதும் மறைவதும் அங்குப் புதிதன்று. 1970-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் எல்லையாற்றின் முகத்தில் சிறு தீவொன்று தலைகாட்டிற்று. நாம் அதனை நியூ மூர் என்றோம். வங்கதேசத்தார் தெற்குத் தால்பட்டி என்றனர். இரு நாடுகளும் அதன்மேல் உரிமை கொண்டாடின. 2010-இல் அது நீரில் மறைந்துவிட்டதென ஆய்வாளர்கள் அறிவித்தனர். கடலெல்லை பற்றிய பன்னாட்டுத் தீர்ப்பு 2014-இல் வந்தபோது, வழக்கிற்குக் காரணமான நிலம் வழக்காடுவோருக்காகக் காத்திருக்கவில்லை. லோகாசரா என்னும் தீவும் அவ்வாறே மறைந்தது; கோராமாராத் தீவில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

கானிங் இன்று சுந்தரவனத்தின் வாயில் எனப்படும் சிற்றூர்ச் சந்தை. துறைமுகத்தின் சுவடு அரிதாகவே தென்படும். ஆயினும் அத்துறைமுகத்திற்கெனப் போட்ட இருப்புப்பாதை மட்டும் இன்றும் பயன்பட்டு வருகின்றது. ஐலாவுக்குப் பின் வயலிழந்த குடும்பங்களின் ஆண்மக்கள் அவ்வழியே சியால்தா சேர்ந்து, அங்கிருந்து ஆவுரா சென்று, தென்னாட்டு வண்டிகளில் ஏறினர். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கட்டடப் பணிகளிலும் தொழிற்கூடங்களிலும் அவர்களைக் காணலாம். கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும் அதே வண்டியில், எதிர் இருக்கையில் அமர்ந்து, சென்னை எத்தனை மணிக்கு வரும் என்று வங்க மொழியில் வினவும் இளைஞர் கோசாபாவையோ இங்கல்கஞ்சையோ சேர்ந்தவராக இருத்தல் கூடும்.